மலையேறி வந்த புகை

சங்கப் பாடல்கள் கொல்லிமலையை நன்றாகவே அறிந்திருந்தன. அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடினார். அம்மலையின் தெய்வப் படிமமான கொல்லிப் பாவை நற்றிணையிலும் குறுந்தொகையிலும் வருகிறாள். முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனிடம் ஒப்படைத்த செய்தியைச் சொல்லும் அகநானூற்றுப் பாடல் அங்கே பலா செழித்ததையும் சொல்கிறது. பழந்தமிழ்க் குறிஞ்சிப் பாட்டில் தேன், தினை, பலா, கிழங்கு, வேட்டை, அருவி எல்லாம் உண்டு. புகைப்பதற்கென்று ஓர் இலை இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் வெளியுலகுக்கு அது தெரியவந்தது. போர்ச்சுகீசியர் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசாத் பேக் என்ற அதிகாரி பீஜப்பூரிலிருந்து அதை அக்பரின் அவைக்கு எடுத்துச்சென்றபோது அங்கே அது ஒரு புதுமைப் பொருள். 1617இல் ஜஹாங்கீர் அதற்குத் தடை போட்டார். எப்படிக் கணக்கிட்டாலும் தமிழ் மண்ணில் புகையிலையின் வயது சுமார் நானூறு ஆண்டு. ஆகவே பீடியும் சுருட்டும் கொல்லிமலையின் மரபு அல்ல, காலம் குறித்துச் சொல்லக்கூடிய ஒரு வரவு. சில காரணங்களால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக அகற்றினால் விலகிப் போகும். விட நினைப்பவருக்கு இந்த வரலாறு கைகொடுக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம் முன்னோர் மூலிகைப் புகையை இழுக்கவில்லையா என்று கேட்கலாம். இழுத்தது உண்மைதான். சரக சம்ஹிதை மூலிகைப் புகையை மருத்துவ முறையாகவே விவரிக்கிறது. ஆனால் அது நோய்க்கு ஏற்ப, அளவோடும் நேரத்தோடும் வைத்தியர் சொல்லிச் செய்த சிகிச்சை. அதில் நிக்கோட்டின் கிடையாது. ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டால் கை நடுங்கவைக்கும் பிடிமானமும் கிடையாது. புகையிலை வந்து ஒட்டிய விதமே வேறு. சில தலைமுறைகளுக்குள் அது வெற்றிலைத் தட்டில் இடம்பிடித்துவிட்டது. சீனிச்சக்கரைப் புலவர் பழனி முருகனிடம் தூது அனுப்பப் புகையிலையையே தேர்ந்தெடுத்தார். அந்தப் ‘புகையிலை விடு தூது’ நூலை 1939இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். வெளியூர்ச் செடி ஒன்று எவ்வளவு விரைவில் வீட்டுப் பொருளாகிவிடுகிறது என்பதற்கு அந்நூல் நல்ல சான்று. அதைப் புகழ்ந்தவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. புகையிலை நுரையீரலை என்ன செய்கிறது என்று அவர்கள் காலத்தில் எவருக்கும் தெரியாது. தெரிந்த காலத்தில் வாழும் நமக்குத்தான் அந்தச் சமாதானம் இல்லை.

மலைக்கு அது ஏறிய வழியைப் பார்த்தால் பழக்கத்தின் இயல்பு விளங்கும். கொல்லிமலைக்குத் தெற்கே விரியும் காவிரிச் சமவெளி சுருட்டுக்குப் பேர்போன நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்து வரை போனது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் அதன் சாம்பலை வைத்தே துப்புத் துலக்குகிறார். திண்டுக்கல் சுருட்டுக்கும் அதே அளவு பெயர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பீடி பரவியது. சுதேசி இயக்கக் காலத்தில் அந்நியச் சிகரெட்டுக்கு மாற்றாக அதற்கு மதிப்பும் கூடியது. சுருட்டைவிடச் சிறியது, சிகரெட்டைவிட மலிவானது, சட்டைப்பையில் அடங்குவது. மலைச்சாலை வந்ததும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து லாரியும் பேருந்தும் ஏறின. மரவள்ளியும் அன்னாசியும் கையில் ரொக்கத்தைப் புழங்கவிட்டன. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் கடைகள் பெருகின. ஒவ்வொரு கட்டத்திலும் நடந்தது ஒன்றுதான்: பொருள் மலிவானது, சிறிதானது, கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. மனிதரின் மன உறுதி தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துபோகவில்லை. கடைதான் வீட்டுக்கு அருகில் வந்தது. புகைப்பவர் தம்மைப் பலவீனர் என்று பழித்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இந்த வரலாறே ஆதாரம்.

புகை செய்யும் கேட்டுக்கு ஆதாரம் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் ஆய்வாளர்கள் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டனில் நிறுவினார்கள். தமிழ்நாட்டுக்கான விடையைத் தந்தது சென்னை மருத்துவ ஆய்வாளர் கஜலட்சுமியும் ரிச்சர்டு பீட்டோவும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தை உயிரோடிருந்த 35,000 ஆண்களின் விவரத்தோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். காசநோயால் இறக்கும் அபாயம் புகைப்பவர்களுக்குச் சுமார் நான்கு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. காசநோய்க் கிருமி பரவிக் கிடக்கும் ஊர்களில் பீடி அந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. புகைப்பவருக்கு இருமல் இரண்டு வாரம் நீடித்தால் “பீடி இருமல்தான்” என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் நடைமுறைப் பாடம்.

பீடி வெறும் இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லையே என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இந்தியாவெங்கும் 11 லட்சம் வீடுகளில் ஆய்வாளர் பிரபாத் ஜா குழுவினர் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டு ஆயுளையும், பெண்கள் 8 ஆண்டையும் இழக்கிறார்கள் என்று அது கண்டது. நாளுக்கு ஒன்றிலிருந்து ஏழு பீடி மட்டுமே பிடிப்பவர்களிடமும் மரண அபாயம் தெளிவாக உயர்ந்திருந்தது. பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் புகை ஆழமாக உள்ளே போகிறது. “எங்கள் தாத்தா தொண்ணூறு வயதுவரை சுருட்டுப் பிடித்தார்” என்பது இன்னொரு மறுப்பு. அப்படிச் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் பிழைத்தவரைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது, ஐம்பதில் போனவரின் கதை அவருடனேயே முடிந்துவிடுகிறது. பல்லாயிரம் பேரை எண்ணிப் பார்ப்பது இதற்காகத்தான். மலைக்குளிருக்கும் கடின உழைப்புக்கும் பீடி தேவை என்பது மூன்றாவது மறுப்பு. நிக்கோட்டின் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அதனால் விரல் நுனி குளிர்ந்துதான் போகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைத் திரும்ப ஏறும்போது அந்தக் குறையை மார்பு உணர்த்திவிடும். பீடி பிடித்ததும் வரும் சுறுசுறுப்பு பெரும்பாலும் முந்தைய பீடி உண்டாக்கிய ஏக்கம் தணிவதால் வருவது.

வந்த பழக்கத்தை வெறும் அறிவுரையால் அனுப்ப முடியாது. இதற்கும் கொல்லிமலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவள்ளி பரவியது. சமவெளி ஜவ்வரிசி ஆலைகள் அதை வாங்கின. சிறுதானியம் சத்தானது என்று மலைமக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சாமையை உரலில் இட்டுக் குத்தும் பெண்களின் உழைப்பும், விற்க வழியில்லாததும்தான் தடைகளாக நின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே செய்த பணியில் அரைவை இயந்திரங்களும் சுயஉதவிக் குழுக்களும் விதைச் சேமிப்பும் விற்பனை ஏற்பாடும் சேர்ந்தே வந்தன. தடைகளைக் குறைத்த பிறகே சாமைக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. புகையை விடுவதும் அப்படித்தான். மன உறுதி வேண்டும், ஆனால் அது தனியாக நின்றால் சோர்ந்துவிடும். பொருள் கைக்கு எட்டாமல் இருப்பது, கூட நிற்க ஆள் இருப்பது, உடலின் ஏக்கத்தைத் தணிக்க உதவி கிடைப்பது ஆகிய மூன்றும் அதற்குத் துணை வேண்டும்.

முதலில் அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டாரிடமும் கூடப் பிடிக்கும் நண்பரிடமும் அதைச் சொல்லுங்கள். எனக்கு நீட்டாதே என்று நேராகவே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாட்களில் எந்தெந்த நேரம் கை பீடியைத் தேடுகிறது என்று கவனியுங்கள்: விடிகாலை டீயோடு, சாப்பாட்டுக்குப் பின், காட்டு வேலையின் இடைவேளையில், பேருந்துக்குக் காத்திருக்கையில். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். டீயை வேறு இடத்தில் குடிக்கலாம், சாப்பிட்டதும் எழுந்து நடக்கலாம், பையில் வறுத்த கடலையோ ஏலக்காயோ வைத்திருக்கலாம். குறித்த நாளன்று பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள். ஏக்கம் ஒரு முறை வந்தால் சில நிமிடங்களில் தானே தணியும். அந்நேரம் தள்ளிப்போடுவது, ஆழமாக மூச்சிழுப்பது, தண்ணீர் குடிப்பது, கைக்கு ஒரு வேலை கொடுப்பது போதும். முதல் சில நாட்கள்தான் கடுமையானவை. எரிச்சலும் தூக்கக் குறைவும் பசியும் பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். எழுந்தவுடன் பீடி தேடுபவருக்கு உடல் பிடிமானம் அதிகம் என்பதால், மருத்துவரிடம் கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். அதைச் சற்று மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், தொடர்ந்து மெல்லக் கூடாது. புகையை விட்டு வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவது விடுதலை ஆகாது, அது வாய்ப்புற்றுக்கு வழி. 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

ஒரு நாள் தவறிப் பிடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். நிரந்தரமாக விட்டவர்களில் பலர் சில முறை முயன்ற பிறகே வென்றார்கள். எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது தவறியது என்று பார்த்து அடுத்த முறை அங்கே காப்பு வையுங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டிய வல்வில் ஓரி விழா, கல்யாணம், சந்தை நாள் போன்ற கூட்டங்களுக்குப் போகும் முன்பே என்ன சொல்லி மறுப்பது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. வயதாகிவிட்டதே என்பதற்கும் விடை இருக்கிறது. பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. 30 வயதில் விட்டவர் சுமார் 10 ஆண்டு ஆயுளையும், 40இல் விட்டவர் 9, 50இல் விட்டவர் 6, 60இல் விட்டவரும் 3 ஆண்டு ஆயுளையும் மீட்டார்கள்.

தனியாள் முயற்சியோடு ஊரின் பங்கும் வேண்டும். உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி 2009-10க்கும் 2016-17க்கும் இடையில் இந்தியாவில் புகையிலைப் பயன்பாடு 34.6 சதவீதத்திலிருந்து 28.6 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ அது 16.2இலிருந்து 20 சதவீதமாக ஏறியது. இந்தப் பழக்கம் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். சூழல்தான் அதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்விரண்டு எண்களே சாட்சி. பொது இடத்தில் புகைப்பதையும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பதையும், பள்ளியை ஒட்டி விற்பதையும் 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தைக் கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலும் வாழவந்தி நாட்டிலும் உயிரோடு வைத்திருக்க வேண்டியவர்கள் ஊர்ப் பெரியவர்களும் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் சுயஉதவிக் குழுப் பெண்களும்தான். விருந்தினருக்குப் பீடி நீட்டும் வழக்கத்தை ஒரு ஊர் கைவிட்டாலே அங்கே விட நினைப்பவர்களின் பாரம் பாதி குறையும். குடும்பத்தில் ஒருவர் விட முயலும்போது அவருடைய எரிச்சலை நான்கு வாரம் பொறுத்துக்கொள்வதும் பெரிய உதவி. வெளியிலிருந்து வந்து, கடை வழியாகவும் கூட்டாளி வழியாகவும் நம் கைக்கு ஏறிய பழக்கம் இது. அந்த வழிகளை அடைக்கும் அதிகாரம் நம்மிடமே இருக்கிறது. நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், தொடங்குங்கள்.