எந்தக் கோலால் அளந்தீங்க?

புதுக்கோட்டை வட்டாரத்துப் பழைய கோயில்கள் சிலவற்றில், கல்லிலே நீளமாக ஒரு கோடு. இரண்டு முனையிலும் குறி. நிலம் அளந்த கோலின் அளவு அது! பதினாறு சாண் கோலும் உண்டு, பதினெட்டு சாண் கோலும் உண்டு. கோல் குட்டையானால் அதே வயல் பெரிசாகத் தெரியும்; வரியும் ஏறிவிடும். எந்தக் கோல் என்பது குடியானவனுக்கு வயிற்றுப் பிரச்னை!

நம் வயிற்றை அளப்பதிலும் அதே பிரச்னைதான்.

பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் கெட்லே, நட்சத்திரங்களை ஆராய்ந்தவர், டாக்டர் அல்ல. 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டவர், பெரியவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதைக் கண்டார். குண்டர்களைக் கண்டுபிடிப்பது அவர் நோக்கமே இல்லை! 1972-ல் அமெரிக்க விஞ்ஞானி ஆன்சல் கீஸ் அதைத் தூசிதட்டி, 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார். கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. அவர் ஆராய்ந்தது ஐந்து நாட்டு ஆண்களை. பெண்கள் இல்லை, இந்தியாவும் இல்லை.

இந்த எண், கொழுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாது. தொடையில் சேர்வதைவிட வயிற்றுப் பக்கம் சேர்வதே சர்க்கரை நோய்க்கு வழி என்று 1947-லேயே கவனித்துச் சொன்னவர், பிரெஞ்சு டாக்டர் ழான் வாக். ஈரலைச் சுற்றிக் கொழுப்பு அப்பினால், இன்சுலின் சொல்பேச்சு எடுபடாது.

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு போட்டோ வந்தது. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பக்கத்தில் லண்டன் டாக்டர் ஜான் யுட்கின். இருவருக்கும் இண்டெக்ஸ் ஒன்றே: 22.3. ஆனால் உடல் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! கை கால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் பலருக்கு இதே கதைதான்.

அதே ஆண்டு, ஆசியர்கள் 25 வரை காத்திருக்காமல் 23-லேயே உஷாராகலாம் என்றது உலக சுகாதார நிறுவனம். தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று எல்லை வகுத்தார்கள்.

அளப்பது சுலபம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை விட்டபிறகு படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்! டேப் இல்லையா? அரைஞாண் கயிற்றை எத்தனை தரம் தளர்த்திக் கட்டினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எல்லை தாண்டியிருந்தால், ஆள் ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.