ஜெபர்சன் வீட்டுக்குப் போகும் வழி
அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சனின் வீடு வர்ஜீனியாவில், சார்லட்ஸ்வில் நகரையொட்டிய ஒரு சிறு மலையின் உச்சியில் இருக்கிறது. மான்டிசெல்லோ என்று பெயர். வருகிறவர்கள் முதலில் காண்பது வீட்டையல்ல, கீழே 2009-இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மையத்தை. அங்கே படமும் காட்சிக்கூடங்களும் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலோர் பேருந்தில் மேலே ஏறுகிறார்கள். இவ்வளவு பீடிகை எதற்கு, வீடே பேசாதா என்று கேட்பவர்கள் உண்டு. பேசாது, அந்த வீடு சிலவற்றை மறைப்பதற்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்டது என்பதுதான் என் வாதம்.

சாப்பாட்டு அறையைப் பாருங்கள். கணப்படுப்பின் இரு பக்கங்களிலும், நிலவறையிலிருந்து ஒயின் புட்டிகளை மேலே ஏற்றும் சிறு தூக்கிகள் ஒளிந்திருக்கின்றன. பக்கத்தில் ஒரு சுழல்கதவு. அதன் ஒரு முகத்தில் தட்டுகள் பொருத்தியிருக்கும். அப்பாலிருந்து உணவை வைத்துத் திருப்பிவிட்டால் போதும், கொண்டுவந்தவர் விருந்தாளியின் கண்ணில் பட வேண்டியதில்லை. சமையலறையும் சில அடிமைகளின் குடியிருப்பும் மேடைநடைகளுக்கு அடியில் சரிவுக்குள் பதுங்கியிருக்கின்றன. புல்வெளியில் நின்றால் தெரியாது. ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களில் பலர் வாழ்ந்து உழைத்த மல்பெரி வரிசையின் மரக்குடில்கள் மக்கிப்போயின. செங்கல் மாளிகை நின்றது. எஞ்சியதை மட்டும் சாட்சிக்கு அழைத்தால் தீர்ப்பு எப்படி வரும்?

இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளக்கிறார்கள் என்பது வழக்கமான மறுப்பு. ஆனால் அளவுகோல் அவருடையதே. 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவில் அடிமை வாணிபத்தைக் கண்டித்து எழுதியவர் அவர்தான். அந்தப் பகுதியை நீக்கியது காங்கிரஸ். அதே கை 1790-களில் ஆணிப் பட்டறைக் கணக்கையும் எழுதியது. 10 முதல் 16 வயதுவரையுள்ள அடிமைச் சிறுவர்களுக்கு இரும்புக் கம்பியை நிறுத்துக் கொடுத்து, அவர்கள் அடித்த ஆணிகளையும் நிறுத்து, யார் எவ்வளவு சேதம் செய்தான் என்று தனித்தனியே குறித்துக்கொண்டார். மனசாட்சியும் தராசும் ஒரே மேசையில் இருந்திருக்கின்றன. 1826-இல் அவர் கடனோடு இறந்தார். மறுஆண்டு தொடங்கி 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள். சட்டமும் கடனும் அவரைக் கட்டிப்போட்டன என்று வாதிடலாம், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அந்தக் கட்டு எப்படிப்பட்டது என்பதை விளக்கவும் மையம்தான் வேண்டியிருக்கிறது. அலங்கார அறைகள் அதைச் சொல்லப்போவதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது: மையமும் ஒருவர் கோத்த கதைதானே? ஆமாம். அதில் கடையும் உண்டு, சிற்றுண்டிச்சாலையும் உண்டு. அடிமைகளின் இடுகாடு ஒன்று அங்கே வண்டி நிறுத்துமிடத்தையொட்டியே கிடக்கிறது. 1923-இல் வீட்டை வாங்கிய அறக்கட்டளை, ஜெபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தந்தையாக இருக்கக்கூடும் என்று ஏற்க, 1998-இன் மரபணுச் சோதனைக்குப் பிறகு 2000 வரை ஆனது. ஹெமிங்ஸுக்கென்று ஒரு காட்சியறை 2018-இல்தான் வந்தது. ஆக, கதை மாறிக்கொண்டே வந்திருக்கிறது; மாறியதற்குச் சான்றுகளே காரணம். 1993 முதல் அடிமைகளின் வழித்தோன்றல்களிடமிருந்து திரட்டப்பட்ட வாய்மொழி வரலாறு அவற்றில் ஒன்று. காட்சிப்பலகையில் பிழை இருந்தால் ஆவணத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி எழுத முடிகிறது. சுழல்கதவுக்கு அப்படி ஒரு திருத்தம் கிடையாது.