எதிரியாக இருந்த ‘வித்’

ஆங்கிலத்துப் பிரிப்பொசிஷன்களை, அதாவது முன்னிடைச்சொற்களை, நம்மில் பலர் பட்டியலாகத்தான் படித்தோம். ‘இன்’ என்றால் ‘இல்’. ‘வித்’ என்றால் ‘உடன்’. அப்புறம் ஒருநாள் ‘ஆங்ரி வித் மீ’ வந்து நிற்கும். என்னுடன் கோபமா, என் மேல் கோபமா? “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்பார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன்.

கி.பி. 1000 வாக்கில் ஆங்கிலமும் பெயர்ச்சொல்லின் கடைசியில் உருபு சேர்த்த மொழிதான். கப்பல் ‘ஷிப்’, கப்பலின் ‘ஷிப்பெஸ்’, கப்பலுக்கு ‘ஷிப்பெ’. முன்னிடைச்சொற்கள் அப்போதும் உண்டு. ஆனால் பாரம் முழுவதும் அவற்றின் தலையில் இல்லை. அழுத்தமில்லாத கடைசி அசைகள் மெல்ல மெல்லத் தேய்ந்தன. பீட்டர்பரோ மடத்தில் 1154 வரை எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்பின் கடைசிப் பகுதியில் இந்த உதிர்வு நன்றாகவே தெரிகிறது. பின்னால் இருந்த உருபு போனதும், அதன் வேலையில் பெரும்பகுதி முன்னால் நின்ற சொல்லுக்கு வந்தது. பழைய ‘எஸ்’ மட்டும் உடைமையைக் காட்டும் ஒலியாக இன்றும் இருக்கிறது.

இதில் சுவாரசியம் ‘வித்’தின் கதை. அந்தக் காலத்தில் ‘உடன்’ என்பதற்கு வழக்கமான சொல் ‘மிட்’. ஜெர்மன்காரர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். ‘வித்’துக்கு முக்கியமான பொருளோ ‘எதிராக’! எதிரி எப்படிக் கூட்டாளி ஆனான்? சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே. நாமும் ‘அவனோட சண்டை’ என்றுதானே சொல்கிறோம்? எதிரே நிற்பவனும் ஒருவகையில் உடன் இருப்பவன். இங்கிலாந்தில் குடியேறிய வடநாட்டு ஸ்காண்டிநேவியர்களின் ‘வித்’துக்கு இரண்டு பொருளும் இருந்தது, அதுவும் துணை செய்திருக்கலாம். 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘மிட்’ ஏறக்குறைய வழக்கொழிந்தது.

தடயம் மட்டும் போகவில்லை. ‘வித்ஸ்டாண்ட்’ என்றால் எதிர்த்து நிற்பது. பிரசவம் பார்ப்பவர் ‘மிட்வைஃப்’: தாயின் உடன் இருக்கும் பெண். இங்கே ‘மிட்’ நடுவைக் குறிக்கவில்லை; தொலைந்துபோன அந்தப் பழைய ‘உடன்’தான் அது.

ஆகவே ‘வித்’தை ‘உடன்’ என்ற ஒரே தமிழ்ச்சொல்லில் அடைக்க முடியாது. எந்த வினையோடு வருகிறது என்று சேர்த்தே படிக்க வேண்டும். ‘ஆங்ரி வித்’ என்று எழுதத் தயங்கும் பிள்ளையிடம், “அங்கே அந்தப் பழைய எதிராளி நிற்கிறான்” என்று சொல்லிப் பாருங்கள். மறக்கவே மறக்காது.