'புட் ஆஃப்' வேற, 'கால் ஆஃப்' வேற: ஆங்கில வினையோடு ஒட்டும் குட்டிச் சொற்கள் ஏன் குழப்புகின்றன?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை பார்ப்பவர்களின் ஒரு நாள் ஆங்கிலத்தைக் கவனித்துப் பாருங்கள். காலையில் கணினியில் 'லாக் இன்' செய்கிறார்கள். பதில் வராத மெயிலுக்கு 'ஃபாலோ அப்'. புதிய வசதியை 'ரோல் அவுட்' செய்வார்கள், கோளாறு வந்தால் 'ரோல் பேக்'. எல்லோரும் பயப்படும் சொல்லும் இதே குடும்பம்தான்: 'லே ஆஃப்'.

எல்லாமே ஒரே அமைப்பு. முன்னால் ஒரு எளிய வினைச்சொல், பின்னால் 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'இன்' மாதிரி ஒரு குட்டிச் சொல். இரண்டும் சேர்ந்ததும் அர்த்தம் மாறிவிடுகிறது. 'கிளையன்ட் மீட்டிங் புட் ஆஃப்' என்றால் கூட்டம் வேறொரு நாள் நடக்கும். 'கால் ஆஃப்' என்றால் கூட்டமே கிடையாது. இதை மாற்றிப் புரிந்துகொண்டால், ஒரு குழுவே வேலையைப் பாதியில் நிறுத்திவிட வாய்ப்பு இருக்கு.

இதற்கு என்ன பெயர்?

'ஃப்ரேசல் வெர்ப்' என்பார்கள். 1925-ல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய நூல் வழியாக இந்தப் பெயர் பரவியது. ஆனால் சிக்கல் அதைவிடப் பழையது. 1755-ல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டவருக்கு மிகவும் கடினமான பகுதி இதுதான் என்று முன்னுரையிலேயே குறிப்பிட்டார். ஆக, தடுமாறுவது நாம் மட்டும் இல்லை.

தமிழில் இப்படி இல்லையா?

தாராளமாக இருக்கிறது. 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. 'குழந்தையைப் பார்' என்றால் கண்ணால் பார்ப்பது. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்றால் பொறுப்பு உங்களுடையது. ஆங்கிலத்தில் 'லுக் அட்', 'லுக் ஆஃப்டர்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதேதான். கன்னடத்திலும் 'நோடு' என்றால் பார், 'நோட்கோ' என்றால் பார்த்துக்கோ.

இன்னும் பாருங்கள். 'கொடு' என்பது தருவது, 'விட்டுக்கொடு' என்பது இறங்கிப்போவது. ஆங்கிலத்தில் 'கிவ்', 'கிவ் இன்'. 'போடு' என்பதோடு 'தள்ளி' சேர்ந்தால் 'தள்ளிப்போடு'; அங்கே 'புட்' என்பதோடு 'ஆஃப்'. ஆக, எளிய வினையோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துப் புதுப் பொருள் உண்டாக்குவது நமக்குப் பழகிய வேலைதான். தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் இன்னொரு வினை செய்கிறது. ஆங்கிலத்தில் திசையும் இடமும் காட்டும் சொற்கள் செய்கின்றன.

அப்புறம் எங்கே இடறுகிறோம்?

சொல் வரிசையில். 'அதை ரத்து செய்' என்பதற்குக் 'கால் இட் ஆஃப்' என்பதே சரி, 'கால் ஆஃப் இட்' தவறு. ஆனால் 'அதைப் பார்த்துக்கொள்' என்பதற்கு 'லுக் ஆஃப்டர் இட்' என்றுதான் வரும், 'லுக் இட் ஆஃப்டர்' வராது. முதல் வகையில் குட்டிச் சொல் வினையைச் சேர்ந்தது, அதனால் 'இட்' நடுவில் நுழைகிறது. இரண்டாம் வகையில் அது பின்னால் வரும் பெயரைச் சேர்ந்தது, அதனால் பிரியாது. புதிய சொல்லைக் கற்கும்போதே 'இட்' சேர்த்த வாக்கியமாக மனதில் வைத்தால் இந்தக் குழப்பம் குறையும்.

'போஸ்ட்போன்' மட்டும் ஏன் எளிதாக வருகிறது?

ஆங்கிலத்தில் பல செயல்களுக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'புட் ஆஃப்' வீட்டுச் சொல், 'போஸ்ட்போன்' லத்தீனிலிருந்து வந்த ஏட்டுச் சொல். 'லுக் இன்டு' என்பதற்கு 'இன்வெஸ்டிகேட்', 'கால் ஆஃப்' என்பதற்குக் 'கேன்சல்'. நம்மில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் பாடப்புத்தகம், கோர்ட், ஆபீஸ் ஃபைல் வழியாக வந்தது. அதனால் ஏட்டுச் சொல் கைவசம் இருக்கும், பேச்சுச் சொல் நழுவும். 'போஸ்ட்போன்' மாதிரியே 'ப்ரீபோன்' என்று இந்தியாவில் பரவலாகப் புழங்கும் சொல் ஆக்ஸ்போர்டு அகராதியிலும் இடம் பிடித்துவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் அதே இடத்தில் 'பிரிங் ஃபார்வர்ட்' என்பார்கள்.

நம்ம ஊர் வழக்கு தவறா?

எல்லாம் தவறு இல்லை, ஆனால் கேட்பவர் யார் என்று பார்க்கணும். 'நான் 2022-ல் பாஸ் அவுட் ஆனேன்' என்றால் இங்கே படிப்பு முடித்ததாக அர்த்தம். வெளிநாட்டு மேலாளர் காதில் 'மயங்கி விழுந்தேன்' என்று விழலாம். பயோடேட்டாவில் 'கிராஜுவேட்டட்' என்று எழுதுவது பாதுகாப்பு. 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' தேவையில்லை. 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் 'அபௌட்' தேவையில்லை. 'அதைப் பற்றிப் பேசலாம்' என்ற தமிழ் வாக்கியத்தின் 'பற்றி' அங்கே போய் ஒட்டிக்கொள்வதாகத் தோன்றுகிறது.

'லே ஆஃப்' என்றால் வேலை போச்சா?

இங்கேதான் அர்த்தம் நேரடியாகச் சம்பளத்தைத் தொடுகிறது. ஐடி நிறுவனங்களில் 'லே ஆஃப்' என்றால் வேலை முடிந்தது என்றே பொருள். ஆனால் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் பழுது போன்ற காரணங்களால் நிர்வாகம் வேலை கொடுக்க முடியாத நிலை அது. தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், அவர் நீக்கப்படவில்லை. நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இதே பொருளில்தான் சொல்கிறது.

சட்டம் சொல்லும் நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஆலைத் தொழிலாளிக்கு, அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் 50 சதவீதம் இழப்பீடு உண்டு. நிரந்தரமாக அனுப்புவது 'ரிட்ரெஞ்ச்மென்ட்', அதாவது ஆட்குறைப்பு. அதற்கு நோட்டீஸ், இழப்பீடு எல்லாம் தனி விதிகள். ஆக, பீன்யா தொழிற்பேட்டையில் ஓர் ஆலைத் தொழிலாளி கேட்கும் 'லே ஆஃப்' வேறு, ஒயிட்ஃபீல்டில் ஓர் இன்ஜினியர் கேட்கும் 'லே ஆஃப்' வேறு. கடிதத்தில் இந்தச் சொல் வந்தால், 'தற்காலிகமா, நிரந்தரமா, எந்தத் தேதியிலிருந்து?' என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

எப்படிக் கற்பது?

நூறு சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் நிற்காது. ஒன்றைக் கேட்டதும் மூன்று கேள்விகள் போதும்: இதற்கு நிகரான தமிழ் வினை எது? 'இட்' எங்கே வரும்? இதே செயலுக்கு ஏட்டுச் சொல் எது? மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்தால், சந்தேகம் வரும் இடத்தில் அந்தச் சொல்லையே எழுதிவிடலாம். மீட்டிங் 'கேன்சல்' என்று எழுதினால் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.