மொராக்கோ: பாஸ்பேட் வளமும் இந்திய உறவும்

பெங்களூரு: பயிர்களுக்கு அடியுரமாக இடப்படும் டிஏபி உரத்துக்கு இன்றியமையாத பாஸ்பேட் பாறை இந்தியாவில் குறைவாகவே கிடைக்கிறது. இதனால், உலக பாஸ்பேட் இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தைக் கொண்டுள்ள வட ஆப்பிரிக்க நாடான மொராக்கோவுடனான உறவு, இந்திய வேளாண்மைக்கு முக்கியத்துவம் வாய்ந்ததாக உள்ளது.

பொருளாதாரம்: மொராக்கோவின் தலைநகர் ரபாத், வணிக மையம் காசாபிளாங்கா. பாஸ்பேட் சுரங்கங்களை 1920-இல் தொடங்கப்பட்ட ஓசிபி என்ற அரசு நிறுவனம் நிர்வகிக்கிறது. வாகன உற்பத்தி, சுற்றுலா, வேளாண்மை, மீன்பிடித்தல் ஆகியவை பிற முக்கியத் துறைகளாகும்.

இந்திய முதலீடு: பெங்களூருவில் நிர்வாக அலுவலகத்தைக் கொண்ட பாரதீப் பாஸ்பேட்ஸ் நிறுவனத்தின் 74 சதவீதப் பங்குகளை, ஓசிபியும் இந்தியாவின் ஜுவாரி குழுமமும் இணைந்து அமைத்த கூட்டு நிறுவனம் 2002-இல் மத்திய அரசிடமிருந்து வாங்கியது. எஞ்சிய அரசுப் பங்குகள் 2022-இல் பொதுப் பங்கு வெளியீட்டின்போது விற்கப்பட்டன.

தூதரக உறவு: 1956-இல் விடுதலை பெற்ற மொராக்கோவுடன் இந்தியா 1957-இல் தூதரக உறவை ஏற்படுத்தியது. மொராக்கோ உரிமை கோரும் மேற்கு சஹாராவில், பொலிசாரியோ இயக்கம் அறிவித்த தனிக் குடியரசை இந்தியா 1985-இல் அங்கீகரித்தது; 2000-இல் அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. மன்னர் ஆறாம் முகமது 2015-இல் இந்தியா வந்தார். அண்டை நாடான அல்ஜீரியா 2021-இல் மொராக்கோவுடனான தூதரக உறவை முறித்துக்கொண்டது.

மேற்கு சஹாராவின் பூ கிரா சுரங்கத்திலும் ஓசிபி பாஸ்பேட் வெட்டி எடுத்து வருவதால், உர வணிகத்தையும் அப்பகுதியின் அரசியலையும் பிரித்துப் பார்க்க இயலாத நிலை நீடிப்பது குறிப்பிடத்தக்கது.