சுவருக்கும் காதுண்டு: காமராஜர் காலம் முதல் பிளக் பாயின்ட் வரை

வரலாறு என்றதும் ராஜா, போர் என்று ஓடிவிடாதீர்கள். இது ஒட்டுக்கேட்பதின் வரலாறு. நம்ம விருதுநகரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1942 ஆகஸ்ட். பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியதும் தலைவர்கள் வரிசையாகக் கைதானார்கள். ரயிலில் திரும்பிக்கொண்டிருந்த காமராஜர், சென்னையில் போலீஸ் காத்திருக்கும் என்று கணித்து அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். மறைவாகப் பல ஊர்களுக்குப் போய்த் தொண்டர்களைப் பார்த்துவிட்டு விருதுநகர் வந்தார். அப்புறம் அவரே போலீசுக்குச் சொல்லி அனுப்பிக் கைதானார்!

அந்தக் காலத்து உளவில் ஒரு வசதி... மஃப்டியில் நிற்கும் சி.ஐ.டி.யை டீக்கடை பெஞ்சில் இருந்தே அடையாளம் கண்டுவிடலாம். கம்பி வழியாகக் கேட்பவனை எப்படிப் பார்ப்பது?

கம்பிக்கும் அப்போதே சட்டம் இருந்தது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், 5-ஆம் பிரிவு. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்றால் அரசு செய்திகளை இடைமறிக்கலாம். வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. யார் உத்தரவு போடுவது, எத்தனை நாள் கேட்பது என்பதற்கு ஒழுங்கான நெறிமுறையே இல்லாமல் காலம் ஓடியது. 1996 டிசம்பரில்தான் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், ஒரு உத்தரவு 2 மாதம்தான், நீட்டித்தாலும் மொத்தம் 6 மாதம், மேலே ஒரு மறுஆய்வுக் குழு.

அதன்பிறகும் நிம்மதி வந்ததா? 2008-ல் தமிழகத் தலைமைச் செயலாளரும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரும் போனில் பேசியதே பத்திரிகையில் அச்சாகி, ஓய்வுபெற்ற நீதிபதி பி.சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் போட வேண்டியதாயிற்று. அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு?

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பு முக்கியமானது. 2011-ல் ஒரு லஞ்ச வழக்குக்காக மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை அவர் ரத்து செய்தார். லஞ்சக்காரனைப் பிடிக்கத்தானே கேட்டார்கள் என்று வாதாடலாம். ஆனால் அது பொது நெருக்கடியும் இல்லை, பொதுப் பாதுகாப்பும் இல்லை. பதிவு செய்ததை மறுஆய்வுக் குழு முன் வைக்கவும் இல்லை. கேட்பவனைப் பார்க்க முடியாத நமக்கு, அவன் கையில் இருக்க வேண்டிய அந்தக் காகிதம் ஒன்றுதான் பாதுகாப்பு. எனவே தீர்ப்பு சரி என்பதே என் கட்சி.

சரி, காகிதமே இல்லாமல் கேட்பவன்? 1945-ல் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய சின்னம் ஒன்றைப் பரிசளித்தார்கள். உள்ளே பேட்டரியே இல்லாத ஒட்டுக்கேட்புக் கருவி! வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால் மட்டும் உயிர் பெறும். தூதர் வீட்டுச் சுவரில் தொங்கிய அதை 1952-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

இன்று அதற்கு உளவுத்துறை தேவையில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் சிம் கார்டு வைத்த கருவி போதும். எங்கிருந்தோ அந்த நம்பருக்கு அடித்தால் மணி அடிக்காமல் அறைப் பேச்சு கேட்கும். கரண்ட் இருக்கும்வரை சார்ஜ் தீராது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முன்பே டிசைனும் விலையும் போட்டிக்காரர் காதுக்குப் போனால் அந்த சீசன் அவ்வளவுதான். பட்டாசு ஆர்டர் பேசும் ரூமும் அப்படித்தானே?

2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் முதலில் கருவி கையில் சிக்க வேண்டுமே... ஆபீஸில் யாரும் வாங்கியதாகச் சொல்லாத பிளக் பாக்ஸ் இருந்தால் கழற்றிப் பாருங்கள். பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தால், பழைய 2ஜி சிம் என்றால், போன் வருவதற்கு முன் கேட்குமே அந்த 'டிர்ர்ர் டிக் டிக்', அது கேட்கலாம்.