மேசைச் செயலியும் பணிநிலையச் செயலியும்

1979 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் இரண்டு சிலிக்கன் சில்லுகள் வெளிவந்தன. ஒன்று இன்டெல் கம்பனியாரின் 8088. மற்றையது மோட்டரோலா கம்பனியாரின் 68000. இரண்டும் கணினிக்கு மூளை எனத்தக்க செயலிகளே. எனினும் அவை தகுதியால் ஒத்தவை அல்ல. 8088 தன்னுள்ளே 16 பிற்று எண்களைக் கையாள வல்லதாயினும், வெளியே தரவைக் கொண்டுசெல்ல அதற்கு 8 கம்பிகளே வாய்த்தன. அதற்கு எட்டத்தக்க நினைவகம் ஒரு மெகாபைற்று மாத்திரமே. 68000 என்பதோ உள்ளே 32 பிற்று எண்களை ஏந்தியது. வெளியே 16 கம்பிகளைக் கொண்டிருந்தது. 16 மெகாபைற்று வரை அதற்கு எட்டிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் எவரும் பின்னதையே உயர்ந்தது என்பர்.

ஆயினும் ஐ.பி.எம். ஸ்தாபனத்தார் தம் முதலாவது தனியாள் கணினிக்கு 8088 ஐயே தெரிந்தனர். புளோரிடா மாநிலத்துப் போக்கா றேற்றன் நகரில் டொன் எஸ்றிட்ஜ் என்பாரின் தலைமையில் வேலை செய்த குழுவினருக்கு, ஓராண்டளவில் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொணர வேண்டிய நெருக்கடி இருந்தது. 8 பிற்றுத் துணைச் சில்லுகள் மலிந்து கிடந்த காலம் அது. இன்டெல் செயலிகளோடு பழக்கமும் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. ஆகவே, உயர்ந்ததை விடுத்து, கையிற் கிடைப்பதும் விலை குறைந்ததுமான ஒன்றை எடுத்தனர். 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆம் தேதி அக்கணினி உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. செயலியின் வேகம் 4.77 மெகாஹேட்ஸ், ஆகக் குறைந்த அமைப்பின் விலை 1,565 டொலர்.

68000 செயலியின் கதை வேறு வழியிற் சென்றது. பொறியியலாளரும் விஞ்ஞானிகளும் தத்தம் மேசையில், பிறரோடு பகிராது, வலிய கணினி ஒன்றை வைத்திருக்க விரும்பினர். அவர்களுக்கென 1980 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் அப்பலோ கொம்பியூட்டர் என்னும் ஸ்தாபனம் தோன்றியது. அதன் முதற் பணிநிலையக் கணினியிலே ஒரு வேடிக்கை உண்டு. வேண்டிய பக்கம் நினைவகத்தில் இல்லாதபோது, வேலையை இடையில் நிறுத்தி, அப்பக்கத்தைத் தட்டிலிருந்து வருவித்து, விட்ட இடத்திலிருந்து மீளத் தொடங்கும் ஆற்றல் 68000 இற்கு இல்லை. அப்பலோ பொறியியலாளர் இக்குறைக்குக் கண்ட பரிகாரம், ஒன்றுக்கு இரண்டு செயலிகளை வைப்பதாகும். ஒன்று இடறி நிற்கும் வேளையில் மற்றையது சென்று பக்கத்தைக் கொணரும். ஒரு மாட்டு வண்டியின் மாடு இளைப்பாறும் வேளைக்கென்று மற்றொரு மாட்டையும் கூடவே நடத்திச் செல்வது போன்றதே இது! 1982 இல் மோட்டரோலா வெளியிட்ட 68010 இக்குறையை நீக்கிற்று. அதே ஆண்டிற் கலிபோர்னியாவிலே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பிறந்தது. அதன் முதற் கணினியும் 68000 ஐயே நம்பி எழுந்தது.

இவ்வாறு, மேசைக் கணினி என்றும் பணிநிலையக் கணினி என்றும் இரண்டு குலங்கள் பிரிந்தன. பின்னதன் விலை பல்லாயிரம் டொலர். பெரிய திரை, வலையமைப்பு, யுனிக்ஸ் என்பன அதன் அடையாளங்கள். 1987 இல் சன் கம்பனியார் ஸ்பார்க் என்னும் சொந்தச் செயலியை அமைத்தனர். சிலிக்கன் கிரபிக்ஸ் கம்பனியார் மிப்ஸ் செயலிகளைக் கைக்கொண்டனர். 1993 இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் திரைப்படத்திலே கணினியால் ஆக்கப்பட்ட விலங்குகள் அவர்களுடைய இயந்திரங்களிலேயே உருப்பெற்றன. அந்நாளில் ஒரு வரைபடக் காரியாலயமோ பல்கலைக்கழகப் பகுதியோ எதனை வாங்குவதென்று தயங்க வேண்டியதில்லை. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் மேசைக் கணினி. ஆராயவும் வரையவும் பணிநிலையம். தெரிவைப் பணப்பையே செய்து முடித்துவிடும்.

இப்பிரிவினையைக் குலைத்தது யாது? தாழ்ந்த செயலியின் எண்ணிக்கையே எனலாம். ஒரு செயலியை வடிவமைக்கவும் அதற்குரிய தொழிற்சாலையை எழுப்பவும் ஆகும் செலவு மிகப் பெரிது. அச்செலவைச் சில ஆயிரம் பணிநிலையங்களின் மேற் பங்கிடுவதும், பல கோடி மேசைக் கணினிகளின் மேற் பங்கிடுவதும் ஒன்றாகா. மேசைச் செயலி விற்ற காசே அடுத்த மேசைச் செயலிக்கு உரமாயிற்று. 1985 இல் வந்த 386 இல் 275,000 திரான்சிஸ்டர்கள் இருந்தன. 1989 இல் வந்த 486 இல் அவை 12 இலட்சம் ஆயின. தசம எண்களைக் கணிக்கும் பகுதியும் அச்சில்லினுள்ளேயே அடங்கிற்று. அதுவரை அது தனியே காசு கொடுத்து வாங்க வேண்டிய துணைச் செயலியாக இருந்தது.

486 இன் பெயரைச் சொன்ன பின், 1991 இல் நடந்ததைச் சொல்லாது விடுதல் தகாது. மலிவான ஒரு வகையாக 486 எஸ்.எக்ஸ். என்பதை இன்டெல் விற்பனைக்கு விட்டது. அதிலே தசமக் கணிப்புப் பகுதி செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. அவ்வாற்றல் பின்னர் வேண்டுமென்போர், 487 எஸ்.எக்ஸ். என்னும் துணைச் செயலியை வாங்கிப் பொருத்தலாம் என்று கூறப்பட்டது. உண்மையில் அத்துணைச் செயலி துணையே அன்று. அது முழுமையான ஒரு 486. பொருத்தியவுடன் பழைய செயலியை உறங்க வைத்துவிட்டு முழு வேலையையும் தானே செய்தது. வாங்கியவர் இரண்டுக்கும் விலை கொடுத்து ஒன்றைப் பயன்படுத்தினார். வணிகத்தில் இது குற்றமன்று என்பாரும் உளர். ஆனால் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் இடையிலுள்ள வேற்றுமை எப்பொழுதும் சிலிக்கனிலே இருப்பதில்லை, விற்பவர் மனத்திலும் இருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1995 நவம்பரில் இன்டெல் மற்றொரு செயலியை வெளியிட்டது. அதன் பெயர் பென்டியம் புரோ. கட்டளைகளை வந்த வரிசையிலன்றி, முடியத்தக்க வரிசையில் நிறைவேற்றும் நுட்பம் அதில் அமைந்திருந்தது. பதுக்கு நினைவகம் தனிச் சில்லாக அதே கூட்டினுள் வைக்கப்பட்டது. இரண்டையும் பொருத்திய பின்னரே முழுமையாகச் சோதிக்க முடிந்தமையால், ஒன்று பழுதென்றால் இரண்டும் வீண். அதனால் விலையும் ஏறிற்று. இத்துணை உயர்ந்த செயலியை வாங்கி விண்டோஸ் 95 ஐ ஓட்டியோர் ஏமாற்றமடைந்தனர். அம்முறைமையிற் பழைய 16 பிற்றுக் கட்டளைகள் நிறைந்திருந்தன. அவற்றைக் கண்டால் பென்டியம் புரோ தடுமாறும். அதே வேகத்துச் சாதாரணப் பென்டியத்தை அது முந்தவில்லை. சில வேளை பிந்தியும் நின்றது. 32 பிற்றுக் கட்டளைகளால் அமைந்த விண்டோஸ் என்.ரி. முறைமையில் அதே செயலி பாய்ந்து சென்றது. சாண்டியா ஆய்வகத்தில் பல்லாயிரம் பென்டியம் புரோக்களைக் கோத்து அமைக்கப்பட்ட அஸ்கி ரெட் என்னும் கணினி, 1997 யூன் மாதப் பட்டியலில் உலகின் முதலிடத்தைப் பெற்றது. மேசைக் கணினிக் குலத்திற் பிறந்த செயலி ஒன்று பணிநிலையங்களின் கோட்டையைத் தாண்டி மீகணினியின் அரியணை ஏறியது அப்போதுதான். சிலிக்கன் கிரபிக்ஸ் 2006 இலும் 2009 இலும் கடன் நீதிமன்றத்தின் வாயிலை மிதிக்க நேர்ந்ததன் வேர் இங்கே கிடக்கிறது.

பணிநிலையம் என்னும் குலம் அழிந்தது; பெயர் அழியவில்லை. இன்டெல் தன் செயலிகளையே இரண்டாக வகுத்தது. 1998 யூனில், பெரிய பதுக்கு நினைவகத்தோடு பென்டியம் II சியொன் என்பது பணிநிலையங்களுக்கென வந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மலிவான செலரோன் 300ஏ வெளிவந்தது. இதிலே ஒரு வினோதம் நிகழ்ந்தது. செலரோனின் பதுக்கு நினைவகம் 128 கிலோபைற்று மாத்திரமே. ஆனால் அது செயலியோடு ஒரே சில்லில் முழு வேகத்தில் ஓடியது. விலை கூடிய பென்டியம் II இன் 512 கிலோபைற்றோ அரை வேகத்தில் ஓடிற்று. மேலும், தாய்ப்பலகையின் துடிப்பை 66 இலிருந்து 100 மெகாஹேட்ஸாக உயர்த்தியவுடன், 300 மெகாஹேட்ஸ் செலரோன் பல வேளைகளிலே 450 மெகாஹேட்ஸில் இடரின்றி ஓடியது. ஏழை மாணவர் பலர் அவ்வாண்டில் செல்வர்க்குரிய வேகத்தை அனுபவித்தனர்.

வேகத்தை மேலும் மேலும் கூட்டும் வழி 2004 இல் அடைபட்டது. 4 கிகாஹேட்ஸ் பென்டியம் 4 ஐ வெளியிடும் எண்ணத்தை இன்டெல் அவ்வாண்டு கைவிட்டது. வெப்பமே பெருந்தடையாயிற்று. 2005 முதல் ஒரே செயலியினுள் இரண்டு கணிப்பு அலகுகள் இடம்பெற்றன. அவற்றைக் கோர் என்பர். இதன் பின், எத்தனை கோர் என்பதே உயர்வு தாழ்வின் அளவுகோலாயிற்று. 2008 இல் இன்டெல் கோர் ஐ7 ஐ மூன்று நினைவகத் தடங்களோடு வெளியிட்டது; அடுத்த ஆண்டு, சாதாரண மேசைக்கென இரண்டு தடங்கள் கொண்ட வேறொரு பொருத்துவாயையும் வெளியிட்டது. போட்டியாளர் தளர்ந்திருந்த காலத்தில் உயர்ந்த வகையின் விலை தடையின்றி ஏறியது. 2016 இல் வந்த 10 கோர் செயலியின் விலை 1,723 டொலர்!

2017 மார்ச்சில் ஏ.எம்.டி. கம்பனியார் 8 கோர் கொண்ட றைசன் 7 1800எக்ஸ் செயலியை 499 டொலருக்குத் தந்தனர். ஓகஸ்டில் 16 கோர் கொண்ட திரெட்றிப்பர் 1950எக்ஸ், 999 டொலருக்கு வந்தது. கோர்களின் பெருக்கம் அன்றுமுதல் வெள்ளமாயிற்று.

கோர் பெருகினால் வேலை அதே வீதத்தில் விரையுமா என்னும் வினாவுக்கு, ஜீன் அம்டால் என்னும் கணினி வல்லுநர் 1967 இலேயே விடை தந்திருந்தார். ஒரு கலியாண வீட்டுச் சமையலை எடுத்துக் கொள்வோம். மரக்கறி நறுக்கப் பத்துப்பேர் கூடினால் விரைவில் முடியும். ஆனால் கிடாரத்துச் சோறு வேகும் நேரத்தை எத்தனை பேர் சூழ்ந்து நின்றாலும் குறைக்க முடியாது. ஒரு வேலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு இவ்வாறு பிரிக்க முடியாததாயின், 16 கோர் அதனை ஏறத்தாழ 9 மடங்கு விரைவாக்கும். 32 கோர் பன்னிரண்டரை மடங்கு. 64 கோர் பதினைந்தரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. கோர் எத்தனை கோடியாயினும் 20 மடங்கைத் தாண்டாது. அன்றியும், கோர் மிகுந்த செயலிகளில் ஒவ்வொரு கோரும் வெப்பத்துக்கு அஞ்சிச் சற்று மெல்லவே ஓடுவது வழக்கம். ஆகவே, ஒற்றை வரிசையில் நடக்கும் வேலையுடையவர்க்கு விலை கூடிய செயலி நட்டமாகவும் முடியலாம். படச் சட்டங்களைத் தனித்தனியே ஆக்கும் அசைபடக்காரர்க்கோ பிரிக்க முடியாத பங்கு மிகச் சிறிது. அவர்க்குக் கோர் ஒவ்வொன்றும் பயன் தரும்.

2018 இல் வந்த திரெட்றிப்பர் 2990டபிள்யூ.எக்ஸ். இவ்வுண்மையை வேறொரு வகையிற் காட்டியது. அதில் 32 கோர்கள், எட்டெட்டாக நான்கு சில்லுகளில் இருந்தன. ஆனால் நினைவகத்தோடு நேரே இணைந்தவை இரண்டு சில்லுகளே. மற்றை இரண்டும் அயல்வீட்டு வாயிலாற் சென்றே தரவைப் பெற்றன. விண்டோஸ் முறைமையிற் சில வேலைகளில் 16 கோர் செயலி இதனை வென்றது. குறையில் ஒரு பங்கு விண்டோஸ் வேலைகளைப் பங்கிட்ட முறையினது என்பது பின்னர் வெளிப்பட்டது. லினக்ஸில் அதே செயலி செம்மையாக ஓடிற்று.

2019 நவம்பரில் 16 கோர் கொண்ட றைசன் 9 3950எக்ஸ், சாதாரண மேசைப் பொருத்துவாயிலேயே 749 டொலருக்கு வந்தது. இரண்டாண்டுக்கு முன் பணிநிலையத்துக்குரியதாயிருந்த கோர்த்தொகை மேசைக்கு இறங்கிவிட்டது. இன்டெல்லும் தன் 18 கோர் செயலியின் விலையை 1,979 டொலரிலிருந்து 979 டொலருக்குக் குறைத்தது.

அப்படியாயின் உயர்ந்த வகையில் எஞ்சியது யாது? கோர் அன்று, கோரைச் சூழ்ந்தவை. 2017 இன் திரெட்றிப்பருக்கு நினைவகத் தடங்கள் நான்கு, றைசனுக்கு இரண்டு. பிற அட்டைகளை இணைக்கும் வழிகள் முன்னதில் 64, பின்னதில் 24. பெரிய தரவுத் தொகுதியை இடையறாது வாசிப்பவர்க்கும், நான்கு வரைகலை அட்டைகளைப் பொருத்துபவர்க்கும் இவை இன்றியமையாதன. 2023 இல் வந்த 24 கோர் திரெட்றிப்பரின் விலை 1,499 டொலர். 2024 இல் வந்த 16 கோர் றைசனின் விலை 649 டொலர். அந்த 850 டொலர் வேற்றுமையிற் பெரும்பகுதி தடங்களுக்கும் வழிகளுக்குமான விலையே.

மற்றொன்று, பிழை திருத்தும் நினைவகம். இதன் கோட்பாட்டை 1950 இல் பெல் ஆய்வகத்து றிச்சர்ட் ஹமிங் வெளியிட்டார். ஆளில்லாத வார இறுதிகளில் கணினி ஒரு பிழையைக் கண்டால் அவருடைய வேலையைக் கைவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடுவதும், திங்கட்கிழமை வந்து பார்த்தால் வேலை நடவாதிருப்பதும் அவரைச் சினமூட்டின. பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்திற்கு அதனைத் திருத்தவும் தெரிய வேண்டாமோ என்பது அவர் வினா. வழமையான முறையில் ஒவ்வொரு 64 பிற்றுக்கும் 8 காவற் பிற்றுகள் சேர்க்கப்படுகின்றன. பல நாட்கள் ஓடும் கணிப்பொன்றிலே, ஒரு பிற்று தவறி முடிவு முழுவதும் பொய்யாவதைத் தடுப்பது இதுவே. ஏ.எம்.டி. இன் மேசைச் செயலிகள் பல, தாய்ப்பலகை இடங்கொடுப்பின் இதனை ஏற்கும். இன்டெல்லின் 12 ஆம் தலைமுறை மேசைச் செயலிகள் பலவற்றிலும் இவ்வாற்றல் உண்டு. எனினும் 2022 இல் பணிநிலையங்களுக்கென வந்த டபிள்யூ680 போன்ற துணைச் சில்லு உள்ள தாய்ப்பலகையிற் பொருத்தினாலன்றி அது விழிப்பதில்லை.